பேர் சொல்லாததும் ஐந்து மணி இருட்டும்

1

எங்கள் மகள் ஜெசிந்தாவுக்கு இந்தி டீச்சர் முட்டை போட்டுவிட்டார். முழுப் பரீட்சைக்கும் அல்ல, ஒரே ஒரு கேள்விக்கு. வீட்டில் வைத்திருக்கும் மருந்துச் சாமான்கள் ஐந்தின் பெயரை எழுத வேண்டும், அவ்வளவுதான். அஜ்வாயின், சோன்ஃப், ஹீங், ஜீரா என்று நான்கை ஒழுங்காக எழுதியிருக்கிறாள். ஊரில் இருக்கும் உங்களுக்காகச் சொல்கிறேன்: ஓமம், சோம்பு, பெருங்காயம், சீரகம். ஐந்தாவதாக அவள் எழுதியது 'பேர்ஸொல்லா'. டீச்சர் அதைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, இப்படி ஒரு பொருளே கிடையாது என்று எழுதிவிட்டார்.

இவள் விடுவாளா? அம்மாவின் பிடிவாதம் அப்படியே வந்திருக்கிறது. "இருக்கு மேடம், எங்க வீட்ல டப்பால இருக்கு, எங்க குவார்ட்டர்ஸ் லைன்ல எல்லார் வீட்லயும் இருக்கு" என்று நின்று சண்டை போட்டிருக்கிறாள். அப்படியானால் நாளைக்கு அதன் உண்மையான பெயரைக் கேட்டுக்கொண்டு வா என்று டீச்சர் அனுப்பிவிட்டார்.

நான் வேலை முடிந்து வந்து, ஸ்டவ் பர்னரைக் கழற்றிப் போட்டுக் குத்திக்கொண்டிருந்தேன். எதிரில் வந்து நின்றாள்.

"அப்பா, பேர்ஸொல்லா கா அசலி நாம் க்யா ஹை?"

உண்மையான பெயர் என்ன என்று கேட்கிறாள். பதினோரு வயது. வாக்கியத்தில் அப்பா மட்டும் தமிழ். கணக்கு இந்தியில் போடுகிறாள், கனவும் அதிலேதான் காண்கிறாள் என்று அவள் அம்மாவுக்குச் சந்தேகம். ஜெபம் மட்டும் தமிழில் ஒப்பிப்பாள், அர்த்தம் கேட்டால் முழிப்பாள்.

கேள்வி எனக்குச் சிரிப்பை மூட்டியது. பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அடுப்படியிலிருந்து என் மனைவி அருள்மேரியின் குரல் வந்தது.

"வாய மூடுங்க. வெளக்கு வச்சாச்சுல்லா."

கடிகாரத்தைப் பார்த்தேன். மணி ஐந்து பத்து.

"காலைல சொல்லிக்கிடலாம்" என்றாள் மேரி. மகள் காலால் தரையை உதைத்துவிட்டுப் போனாள். நான் பர்னரை மாட்டிவிட்டு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். வெளியே இருட்டிவிட்டதால் நானும் அந்தப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. பிள்ளை பெற்ற வீட்டுக்காரர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று இதற்குள் தெரிந்திருக்கும்.

2

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். விரல் பருமனில், கணுக்கணுவாக இருக்கும் காய்ந்த கிழங்கு அது. விளக்கில் காட்டிக் கருகச் சுட்டு, கல்லில் உரசி, கைக்குழந்தைக்கு வயிறு உப்பினால் தொப்புளைச் சுற்றிப் போடுவார்கள். அதன் வாசனை அடிக்காத பிள்ளைத் தொட்டில் எங்கள் கடற்கரையில் கிடையாது. ஆனால் விளக்கு வைத்த பிறகு அதன் பெயரைச் சொல்லக் கூடாது. சொன்னால் மருந்து வேலை செய்யாது என்பார்கள் சிலர், பிள்ளைக்கே ஆகாது என்பார்கள் சிலர். ராத்திரியில் தேவைப்பட்டால் 'பேர் சொல்லாதது இருக்கா' என்று கேட்டால் போதும். கேட்பவருக்கும் தெரியும், கொடுப்பவருக்கும் தெரியும்.

தூத்துக்குடிப் பக்கம் இதனால் யாருக்கும் எந்தச் சங்கடமும் வந்ததில்லை. அங்கே ஆறரைக்குத்தான் இருட்டும். அதற்குள் கடைக்குப் போய்க் கேட்டு வாங்கி, வழியில் நின்று பேசிவிட்டும் வரலாம். போர்ட் பிளேரில் கதை வேறு. ஊரிலிருந்து இவ்வளவு கிழக்கே வந்து கிடக்கிறோம், கடிகாரம் மட்டும் மெயின்லாண்டில் ஓடும் அதே கடிகாரம். சூரியன் அதற்குக் கட்டுப்படுமா? டிசம்பரில் ஐந்து மணிக்கே இருட்டிவிடும். நான் படகுப் பட்டறையில் பிட்டர். சாயங்காலச் சங்கு ஊதி, கை கிரீஸைக் கழுவிவிட்டுப் பஜார் போய்ச் சேர்வதற்குள் லைட் போட்டிருப்பார்கள்.

நான் முதலில் தனியாகத்தான் இங்கே வந்தேன். மேரி அப்போது மாசமாக இருந்தாள். குவார்ட்டர்ஸ் கிடைத்ததும் கூட்டிக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. பையன் பிறந்தான் என்று தந்தி வந்தது. பட்டறையில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தேன். ஆறு மாதம் கழித்து இன்னொரு தந்தி வந்தது. அந்த நேரம் கப்பல் புறப்பட்டுப் போய்விட்டிருந்தது. அடுத்த கப்பலில் போய்ச் சேர்ந்தபோது கல்லறையைத்தான் காட்டினார்கள். நான் அவனைப் பார்த்ததே இல்லை. அவன் அழுத சத்தம் எப்படியிருக்கும் என்றுகூட எனக்குத் தெரியாது. அவன் பெயரை எங்கள் வீட்டில் பகலிலும் சொல்வதில்லை. மேரி சொல்லமாட்டாள், அதனால் நானும் சொல்வதில்லை.

அந்தப் பயணத்திலேயே மேரியை அழைத்துக்கொண்டு வந்தேன். பெட்டியில் சேலையும் ஜெபமாலையும் மட்டும் கொண்டு வந்தாள். பிள்ளைக்கான துணி, தொட்டில், உரசு கல், மருந்துச் சாமான் ஒன்றும் எடுக்கவில்லை. எல்லாவற்றையும் அங்கேயே யாருக்கோ கொடுத்துவிட்டாள். இரண்டு வருஷத்தில் ஜெசிந்தா பிறந்தாள்.

மூன்றாவது வாரத்தில் ஆரம்பித்தது அழுகை. பகல் முழுக்கத் தங்கமாக இருப்பாள். வெளிச்சம் குறையத் தொடங்கியதும் முகம் சிவந்து, முஷ்டியை மடக்கி, காலை வயிற்றோடு இழுத்துக்கொண்டு கத்துவாள். வயிறு மத்தளமாகக் கிடக்கும். பால் வேண்டாம், தோள் வேண்டாம், தொட்டில் வேண்டாம். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். மலையாளி டாக்டரம்மா வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்லா, வாயு ஆணு, மூணு மாசம் ஆனா போயிடும்" என்றார். பிள்ளைக்குத் தாய்ப்பாலைத் தவிர உள்ளே எதையும் கொடுக்காதே, வேண்டுமானால் நீ சோம்புத் தண்ணி குடி, வெளியே என்ன தடவுகிறாயோ தடவிக்கொள் என்று மேரியிடம் சொல்லி அனுப்பினார்.

வீட்டுக்கு வந்ததும் மேரி சொன்னாள்.

"மொதப் பிள்ளைக்கும் ஒண்ணுமில்லன்னுதான் சொன்னாங்க. அடுத்த கப்பல்ல நானும் பிள்ளையும் மெட்ராசுக்கு எங்கண்ணன் வீட்டுக்குப் போறோம். போனா திரும்ப மாட்டேன். இங்க ஆத்திர அவசரத்துக்கு ஒரு மருந்து கேட்டு வாங்க ஆளுண்டா? வாயத் தொறந்து பேச ஒரு நாதி உண்டா?"

கோபத்தில் சொல்வது எனக்குத் தெரியும், யோசித்துச் சொல்வதும் தெரியும். இது இரண்டாவது வகை. அரசு வேலையை விட்டுவிட்டு நானும் பின்னால் போக முடியாது. கப்பல் கிறிஸ்மஸுக்கு முன்னால் வருவதாக இருந்தது. அதற்குள் பிள்ளை வயிறு சரியாக வேண்டும், இல்லாவிட்டால் எனக்குப் பழைய தனிக்கட்டை வாழ்க்கைதான்.

"அந்தப் பேர் சொல்லாதத மட்டும் வாங்கிட்டு வாங்க பாப்போம்" என்றாள். "ஆனா இருட்டுன பெறவு வாயில அந்தப் பேரு வரப்படாது. சத்தியம் பண்ணுங்க."

பண்ணினேன். பட்டறையும் அபர்தீன் பஜாரும் எவ்வளவு தூரம், சங்கு எத்தனை மணிக்கு ஊதும் என்று அந்த நேரம் யோசிக்கத் தோன்றவில்லை.

3

பஜாரில் அந்த மாதிரிச் சாமான் வைத்திருந்தது ஒரே ஒரு கடை. கடைக்காரரை எல்லோரும் லாலா என்பார்கள். இந்தத் தீவிலேயே பிறந்து வளர்ந்தவர், இந்தியைத் தவிர வேறொன்றும் பேசமாட்டார். தமிழ்க்காரர்களின் மளிகைக் கடைகள் இரண்டில் முதலிலேயே விசாரித்தேன். 'பேர் சொல்லாதது' என்றதும் புரிந்துகொண்டார்கள், ஆனால் சரக்கு இல்லை, கப்பல் வந்தால்தான் உண்டு என்றார்கள்.

லாலா கடைக்கு நான் போனபோது பெட்ரோமாக்ஸ் ஏற்றி மாட்டியிருந்தார்கள். என் இந்தி அப்போது பட்டறை இந்தி. நட்டு, போல்ட்டு, இதைத் தூக்கு, அதை இறக்கு, அவ்வளவுதான். மனதுக்குள் வாக்கியத்தைக் கட்டிக்கொண்டு போனேன்.

"க்யா சாஹியே?" என்றார் லாலா, என்ன வேண்டும் என்று.

"பச்சா கே லியே ஏக் சீஸ்" என்றேன். குழந்தைக்கு ஒரு சாமான். அதுவரை சரி. "உஸ்கா நாம் நஹீ போல்னா."

லாலா தராசைக் கீழே வைத்தார். "நாம் நஹீ போல்னா?"

பெயர் சொல்லக் கூடாதா என்று கேட்கிறார். மனுஷன் புரிந்துகொண்டார், இந்த ஊரிலும் இந்த வழக்கம் இருக்கிறது போலும் என்று எனக்கு ஒரே சந்தோஷம். "நஹீ! ராத் மே பில்குல் நஹீ" என்று அழுத்திச் சொன்னேன். ராத்திரியில் கூடவே கூடாது.

அவர் வலது பக்கம் பார்த்தார், இடது பக்கம் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, "கித்னா?" என்றார்.

எவ்வளவு என்று கேட்டால் என்ன சொல்வது? "சோட்டா" என்று விரலைக் காட்டினேன். "பஹ்லே க்யூ நஹீ போலா" என்று, முதலிலேயே சொல்லக் கூடாதா என்கிற முகத்தோடு உள்ளே போனார். பழைய பேப்பரில் சுற்றி, சணல் போட்டுக் கட்டி, என் கையில் திணித்து, சீக்கிரம் போ என்று சைகை காட்டினார். விலை கொஞ்சம் கூடத்தான். கப்பல் சரக்கு, அப்படித்தான் இருக்கும் என்று கொடுத்துவிட்டு நடையைக் கட்டினேன். வழியில் உள்ளே களக் களக் என்று சத்தம் கேட்டது. ஏதோ எண்ணெயில் ஊறப்போட்டுத் தந்திருக்கிறார், கெடாமல் இருக்க இந்த ஊர்ப் பக்குவம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டில் பிள்ளை உச்சத்தில் கத்திக்கொண்டிருந்தாள். மேரி ஒரு கையால் அவளைத் தோளில் தட்டிக்கொண்டே, மறு கையால் பொட்டலத்தைப் பிரித்தாள். குப்பி. மூடியைத் திறந்து மோந்து பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"இது பிள்ளைக்கா, பிள்ளையப் பெத்த அப்பனுக்கா?"

நாட்டுச் சாராயம். லாலா கடையில் பெயர் சொல்லாமல் வாங்குகிற சரக்கு அது ஒன்றுதானாம். பிறகுதான் தெரிந்தது. வாங்க வருகிறவர்கள் பிள்ளைக்கு, மாமியாருக்கு, மூட்டு வலிக்கு என்று ஏதாவது ஒரு சாக்குச் சொல்லித்தான் கேட்பார்களாம். நான் மட்டும் உண்மையைச் சொல்லி மாட்டிக்கொண்டேன். அந்தக் குப்பி அப்புறம் என்ன ஆனது என்று தயவுசெய்து யாரும் கேட்க வேண்டாம்.

4

மறுநாள் போர்மேனிடம் ஒரு மணி நேரம் முன்னால் போக அனுமதி கேட்டேன். கப்பல் வருவதற்குள் இரண்டு படகின் இஞ்சினை முடித்தாக வேண்டும், அதுவரை மூச்சு விடாதே என்றுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை லாலா கடை பூட்டு. இந்தி தெரியாத மேரியைப் பச்சைப் பிள்ளையோடு பஜாருக்கு அனுப்பவும் முடியாது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஓடினால் பஜார் மேட்டில் பாதி ஏறுவதற்குள் சங்கு ஊதிவிடும். இப்படியே நாள் போனது. கப்பல் மெட்ராசிலிருந்து புறப்பட்டுவிட்டது என்று சேதியும் வந்தது.

எனக்கு ஒரு யுக்தி தோன்றியது. கடிகாரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு மேரியிடம் போனேன்.

"இங்க பாரு. இப்ப மணி அஞ்சேகால். ஊர்ல இந்நேரம் சுள்ளுன்னு வெயில் அடிக்கும். உங்க மதினி மாடியில மொளகா காய வச்சு அள்ளியிருக்கக்கூட மாட்டா. யாரும் வெளக்கு வைக்கல. பேரச் சொன்னா என்ன குத்தம்? வழக்கம் ஊர் வழக்கந்தான?"

நான் ஏதோ பெரிய வக்கீல் போலப் பேசி முடித்தேன். மேரி பிள்ளையை மடியில் குப்புறப் போட்டு முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"ஊர்ல வெயில் அடிச்சா நமக்கென்ன. இவ இங்கல்லா பொறந்திருக்கா. இங்க இருட்டுனா இவளுக்கு இருட்டுதான்."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் மறுபடி மறுபடி அந்த வார்த்தையே காதில் கேட்டது. கப்பலேறிப் போகத் துணிமணியை மடித்து வைத்திருப்பவள் பேசுகிற பேச்சா இது?

இருந்தாலும் என் வாய் சும்மா இருக்கவில்லை. "அதுக்காக இவ்வளவு பயமா? ஒரு வேரோட பேருக்கு?" என்று சிரித்தேன்.

அப்போதுதான் சொன்னாள். அதுவரை அவள் அதை யாரிடமும் சொன்னதில்லை.

"அவனுக்கு வயித்தால போச்சு. ரெண்டு நாளா. பொழுது அடைஞ்சு போச்சு, வீட்ல மருந்து இல்ல. பதறிப்போய் வாசல்ல நின்னு, எதுத்த வீட்டுக்குக் கேக்கிற மாதிரி அந்தப் பேரச் சொல்லிக் கத்தினேன். முழுப் பேரையும். பேர் சொல்லாததுன்னு கேக்கணும்ங்கிற நெனப்பே வரல. மறுநா காலைல போயிட்டான்."

பிள்ளை வளர்ப்பான் என்று அதற்கு இன்னொரு பெயரும் உண்டு. மேரி ஏன் அந்தப் பெயரையும் சொல்வதில்லை என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

வயிற்றுப்போக்கில் உடம்பின் நீர் வற்றிப் போனது, அதற்கும் பெயருக்கும் சம்பந்தமில்லை என்று நான் சொல்லியிருக்கலாம். பிறகு எவ்வளவோ முறை சொன்னேன். அன்றைக்குச் சொல்லவில்லை. கடிகாரத்தைக் கொண்டுபோய் இருந்த இடத்தில் வைத்தேன். நான் பார்க்காத பிள்ளைக்காக நான் அழுதது அன்றைக்குத்தான்.

5

பக்கத்து வீடு பிமலா தீதி வீடு. தீதி என்றால் அக்கா. பிரிவினையில் கிழக்கு வங்காளத்திலிருந்து ஓடி வந்து, எங்கெங்கோ அலைந்து, இந்தத் தீவுக்கு வந்து சேர்ந்த குடும்பம். அவர் வீட்டுக்காரர் எங்கள் பட்டறையில் வெல்டர். தீதிக்கும் மேரிக்கும் அதுவரை சிரிப்புதான் பாஷை. வேலி ஓரம் பார்த்தால் ஒருவருக்கொருவர் சிரித்துக்கொள்வார்கள், தீர்ந்தது.

ஒரு நாள் வேலை விட்டு வந்தபோது மேரி வாசலிலேயே நின்றாள், முகமெல்லாம் கலவரம்.

"பக்கத்து வீட்டு தீதி வந்து பிள்ளையப் பாத்துட்டு, ஜவான் வேணும், ஜவான் வேணும்னு சொல்லிட்டு ஓடுறாக. பிள்ள அழுததுக்குப் பட்டாளத்தான் எதுக்குங்க?"

எனக்கும் விளங்கவில்லை. ராணுவக் குடியிருப்பு பக்கத்தில்தான் இருந்தது. பிள்ளையின் சத்தம் அங்கே வரை போய் யாராவது புகார் சொல்லிவிட்டார்களோ என்று ஒரு கணம் நானே பயந்தேன். அதற்குள் தீதி திரும்பி வந்துவிட்டார். உள்ளங்கையை விரித்துக் காட்டினார். ஓமம்! வங்காளத்தில் அதற்கு ஜோவான் என்று பெயராம். மேரி சிரித்தாள். பிள்ளை பிறந்து வாரக்கணக்காகி அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

தீதி எங்கள் அடுப்படியைத் தன் அடுப்படியாக்கிக்கொண்டார். ஓமமும் சோம்பும் ஒரு பிடி வறுத்து, தண்ணீர் விட்டுக் கொதிக்க வைத்து, வடிகட்டி மேரி கையில் கொடுத்தார். பிள்ளைக்கில்லை, உனக்கு, நீ குடித்தால் பால் வழியாகப் போகும் என்று மார்பைத் தொட்டு, பிள்ளை வாயைத் தொட்டுக் காட்டினார். டாக்டரம்மா சொன்னதும் அதேதான். ஆனால் டாக்டரம்மா சொன்னபோது கேட்காத மேரி, தீதி சைகையில் சொன்னதும் மடக்மடக்கென்று குடித்தாள்.

அப்புறம் மேரி தன் பங்குக்குச் சைகையில் இறங்கினாள். விரலைக் காட்டினாள், இவ்வளவு நீளம். கணுக்கணுவாக இருக்கும் என்று விரல் கணுவைத் தொட்டுக் காட்டினாள். விளக்கில் காட்டிச் சுட்டாள். கல்லில் உரசினாள். பிள்ளையின் தொப்புளைச் சுற்றி வட்டம் போட்டாள். தீதி தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டே இருந்தவர், சட்டென்று முகம் மலர்ந்து வாயைத் திறந்தார்.

"ஓ! போ..."

மேரி பாய்ந்து அவர் வாயைப் பொத்திவிட்டாள். வங்காளியில் பெயர் சொன்னாலும் பெயர் பெயர்தான் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. தீதியின் கண்கள் இரண்டும் அந்தக் கைக்கு மேலே உருண்டன. எனக்கு இந்தியில் விளக்கம் சொல்ல வேண்டிய கடமை. போன தடவை இதே வாக்கியம்தான் என்னைச் சாராயக் கடையில் கொண்டுவிட்டது என்பதால், ஜன்னலுக்கு வெளியே இருட்டைக் காட்டி, வாயில் விரலை வைத்தேன். தீதி தலையாட்டினார். அவருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. அவர்கள் வீட்டிலும் ராத்திரியில் பாம்பைப் பாம்பு என்று சொல்லமாட்டார்களாம், கயிறு என்பார்களாம். பிறகு ஒரு நாள் சொன்னார்.

மேரி கையை எடுத்ததும், "தோ துமி கீ போலோ?" என்று மெதுவாகக் கேட்டார். நீங்கள் என்னவென்று சொல்வீர்கள்?

"பேர் சொல்லாதது" என்றாள் மேரி.

"பேர்ஸொல்லா" என்றார் தீதி, பாடம் படிப்பதுபோல.

வீட்டுக்குப் போய் ஒரு தகரப் பெட்டியோடு வந்தார். கிழக்கு வங்காளத்தை விட்டு வரும்போது கையில் எடுத்த பெட்டியாம். அடியில், துணி முடிச்சில், அந்தக் கிழங்குத் துண்டு இருந்தது. எங்கள் ஊரில் இருப்பதைப் போலவே, அதே கணு, அதே வாசனை. மேரி அதை மூக்கில் வைத்து நின்றவள் நின்றவள்தான். பிறகு சுட்டு, உரசு கல் இல்லாததால் என் பட்டறைச் சாணைக்கல்லைக் கழுவி அதில் உரசி, தொப்புளைச் சுற்றியும் உள்ளங்காலிலும் தடவினாள். வெற்றிலையில் விளக்கெண்ணெய் தடவி அனலில் வாட்டி வயிற்றில் போட்டாள். தீதி பிள்ளையின் கால்களைப் பிடித்து சைக்கிள் மிதிக்கிற மாதிரி மடக்கி நீட்டினார். கொஞ்ச நேரத்தில் எங்கள் ஜெசிந்தா டபடபவென்று காற்றை விட்டுவிட்டுக் கண்ணை மூடினாள்.

அன்றோடு அழுகை நின்றது என்று எழுதினால் பொய். மறுநாளும் அழுதாள், அதற்கு மறுநாளும். ஆனால் சாயங்காலம் என்றால் வீட்டில் தீதி இருப்பார், ஓமத் தண்ணீர் கொதிக்கும், கல்லில் உரசுகிற சத்தம் கேட்கும். அழுகை கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியது. கிழங்காலா, மேரி குடித்த தண்ணீராலா, டாக்டரம்மா சொன்னபடி மாதம் ஏறியதாலா என்று எனக்குத் தெரியாது. நான் பிட்டர். இஞ்சினே சில நேரம் தானாகச் சரியாகும்.

6

கிறிஸ்மஸுக்கு முன்னால் கப்பல் வந்தது. மடித்து வைத்த துணிமணி பெட்டியில் அப்படியே இருந்தது. நான் அதைப் பற்றிக் கேட்கவில்லை, கேட்கப் பயம். கப்பல் புறப்படும் நாளன்று காலையில், பட்டறைக்குக் கிளம்பும்போது மேரி சொன்னாள்.

"கப்பல்ல யாராவது தெரிஞ்சவுக மெட்ராஸ் போனா, வரும்போது ஒரு அம்மி கொண்டாரச் சொல்லுங்க. சின்னதா ஒரு உரசு கல்லும்."

"அம்மியா? கப்பல்ல அம்மியத் தூக்கிட்டு வரவா?"

"பெறகு எத்தன நாளைக்கு உங்க சாணைக்கல்லுலயே அரைக்கது?"

ஊருக்குப் போகிறவள் அம்மி வாங்கச் சொல்வாளா? நான் அன்றைக்குப் பட்டறைக்கு விசிலடித்துக்கொண்டு போனதாகப் பிமலா தீதியின் வீட்டுக்காரர் ரொம்ப நாள் கேலி செய்தார்.

அந்த அம்மி இன்னும் இருக்கிறது. தீதி வைத்த பெயரும் இருக்கிறது. தீதியிடமிருந்து அது பின் வரிசை தெலுங்குக்காரர்கள் வீட்டுக்குப் போனது, அங்கிருந்து மலையாளிகள் வீட்டுக்கு. அவரவர் பாஷையில் அதற்கு ஒரு பெயர் இல்லாமல் இல்லை. ஆனால் எங்கள் லைனில் பிள்ளை அழுதால் யாரும் அவரவர் பெயரைச் சொல்வதில்லை. "பேர்ஸொல்லா ஹை க்யா?", இருக்கிறதா என்று பாத்திரத்தோடு வந்து நிற்பார்கள். லாலாவே கடைசியில் மெட்ராசிலிருந்து வரவழைத்து வைக்க ஆரம்பித்தார். என்னைப் பஜாரில் பார்த்தால், "ஆவோ, பேர்ஸொல்லா வாலா", வாரும் பேர்ஸொல்லாக்காரரே என்று கூப்பிட்டுச் சிரிப்பார். எந்தக் குப்பியை நினைத்துச் சிரிக்கிறார் என்று எனக்குத் தெரியும்.

பெயரைச் சொல்லாமலிருக்க நாங்கள் சொன்னது, இங்கே அதற்கே பெயராகிவிட்டது. ஜெசிந்தா அதைப் பெயர் என்று நினைத்ததில் என்ன தப்பு? அவள் பிறந்ததிலிருந்து காலையிலும் மத்தியானத்திலும் ராத்திரியிலும் அதைத்தான் கேட்டிருக்கிறாள்.

7

இது மறுநாள் எழுதுவது.

இருட்டு சீக்கிரம் வருகிற ஊரில் விடியலும் சீக்கிரம் வரும். ஆறு மணிக்கெல்லாம் வாசலில் வெயில் விழுந்துவிட்டது. ஜெசிந்தா பல் துலக்கிவிட்டு, நோட்டும் பென்சிலுமாக வந்து என் முன்னால் உட்கார்ந்தாள்.

"அபி போலோ அப்பா" என்றாள், இப்போது சொல்லுங்கள் என்று.

நான் சொல்லத் தொடங்கினேன். மேரி ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அடுப்படியிலிருந்து வந்தாள்.

"இருங்க. நான் சொல்லுதேன்."

வாசலில் வெயில் விழுந்த இடத்தில் போய் நின்றாள். இத்தனை வருஷத்தில் அவள் வாயிலிருந்து அந்தச் சொல் பகலில்கூட வந்ததில்லை. சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே நின்றாள். 

"வசம்பு" என்றாள்.

ஜெசிந்தா எழுதிக்கொண்டாள். "பஸ்?" என்றாள். இவ்வளவுதானா, இதற்கா ராத்திரி சொல்லவில்லை, ஏன் சொல்லக்கூடாது என்று இந்தியிலேயே அடுக்கினாள்.

மேரி என்னைப் பார்த்தாள். பிறகு மகளைப் பார்த்தாள்.

"ஒனக்கு மூத்தவன் ஒருத்தன் இருந்தான்ட்டி. ஊர்ல. ஆறு மாசத்துல போயிட்டான். அவனுக்குக் கேட்டு அந்தப் பேரச் சொன்னேன், இருட்டுன பெறவு."

ஜெசிந்தா பென்சிலைக் கீழே வைத்தாள். அவளுக்கு இது புதிது. "அவன் பேரு என்னம்மா?" என்று கேட்டாள். முழு வாக்கியமும் தமிழில் கேட்டாள்.

"சேவியர்."

எங்கள் வீட்டில் அந்தப் பெயர் கேட்டு எவ்வளவோ வருஷம். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. வாசலுக்கு வெளியே பிமலா தீதி தண்ணீர் பிடிக்கிற சத்தம் கேட்டது.

ஜெசிந்தா அந்தப் பெயரை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். பிறகு, இங்கே எல்லாப் பிள்ளைகளும் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரியே, "சேவியர் பையா" என்றாள்.

இந்தியில் பையா என்றால் அண்ணன். அவள் அதைத்தான் சொன்னாள். மேரிக்கும் அந்த அளவு இந்தி இப்போது தெரியும். ஆனாலும் அவள் காதில் அது பையனைக் கூப்பிடுகிற தமிழ்ப் 'பையா'வாகத்தான் விழுந்திருக்கிறது. நிலைப்படியிலேயே உட்கார்ந்து, தொட்டிலைப் பார்த்துச் சொல்வதுபோல, "ஆமா, பையா... சேவியர் பையா" என்று தானும் ஒரு முறை கூப்பிட்டாள்.